அந்தக் கட்டியையும் ஒரு நிமிடம் பாருங்கள்: நாய்க் கருத்தடை மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி நாய்க் கருத்தடை மையங்களில் பணிபுரியும் கால்நடை மருத்துவர்களுக்கும், அந்த மையங்களை நடத்தும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். எங்கள் தெருவில் ஆறேழு நாய்களுக்கு தினமும் ராத்திரி எட்டு மணிக்குச் சோறு வைப்பேன். அதில் ஒன்று செவலை. நாலு வயதிருக்கும். யாரையும் கடித்ததில்லை, குரைப்பதுகூட அபூர்வம்.

போன வருடம் செவலை படுத்து எழுந்த இடத்திலெல்லாம் ரத்தச் சொட்டு இருந்தது. பருவத்துக்கு வந்திருக்கிறது, இரண்டு வாரத்தில் நின்றுவிடும் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மாதமாகியும் நிற்கவில்லை. அந்த நேரத்தில்தான் கருத்தடை வண்டி வந்தது. வலை போட்டுப் பிடித்துப் போனார்கள். ஆறாம் நாள் கொண்டுவந்து விட்டார்கள். கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காது நுனி வெட்டியிருந்தது, வயிற்றில் தையல் சுத்தமாக இருந்தது. சொன்னபடி அதே தெருவில், அதே முனையில் இறக்கிவிட்டார்கள். எனக்கு அவ்வளவு நிம்மதி.

மறுநாள் காலையில் வாசல்படியில் மறுபடி ரத்தம்.

டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு வாலைத் தூக்கிப் பார்த்தேன். பிறப்புறுப்பின் உள்ளே ஒரு சின்ன காலிஃபிளவர் போல, செக்கச்செவேலென்று ஒரு கட்டி. விரல் பட்டதும் ரத்தம் கசிந்தது. அழுகின இறைச்சி வாடை. அறுவை மேசையில் மயக்கத்தில் படுத்திருந்த நாயின் உடம்பில் இது இருந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் அது தங்கள் வேலை இல்லை என்று விட்டுவிட்டார்கள். எந்த மையம் என்று நான் எழுதப்போவதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை நாய் உங்கள் மேசைக்கு வருகிறது, எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள், சம்பளம் எப்போது வருகிறது என்பதெல்லாம் எனக்கு ஓரளவு தெரியும். குற்றம் சொல்ல எழுதவில்லை. அந்தக் கட்டி என்ன என்பதைச் சொல்லி, ஒரு காரியம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

மருத்துவர்களான உங்களுக்கு அதன் பெயர் தெரியும். டி.வி.டி. (TVT, Transmissible Venereal Tumour) என்று ஒரு மூச்சில் சொல்லிவிடுவீர்கள். நாய்கள் இணை சேரும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும் புற்றுநோய். அதிகாரிகள் பலருக்கு இது புதிதாக இருக்கலாம், அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். இதில் பரவுவது கிருமி இல்லை. வைரஸ் பரவி, அது இன்னொரு நாயின் உடம்பில் புற்றை உண்டாக்குவதும் இல்லை. புற்றுச் செல்லே ஒரு நாயிலிருந்து உதிர்ந்து அடுத்த நாயில் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. 1876-இலேயே ரஷ்யாவில் நோவின்ஸ்கி என்ற கால்நடை மருத்துவர் இந்தக் கட்டியின் துணுக்கை எடுத்து வேறொரு நாயில் வைத்து வளர்த்துக் காட்டினார். ஆனால் உலகம் முழுக்க இருப்பது ஒரே கட்டிதான் என்பது உறுதியாக 2006 வரை ஆனது. லண்டனில் ராபின் வைஸ், கிளாடியோ முர்ஜியா குழுவினர் இத்தாலி, இந்தியா, கென்யா என்று வெவ்வேறு நாட்டு நாய்களின் கட்டிகளை எடுத்து, அதே நாய்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். கட்டியின் மரபணு அதைச் சுமந்த நாயோடு ஒத்துப்போகவில்லை. கட்டிகள் மட்டும் தங்களுக்குள் ஒத்துப்போயின. அதாவது, என்றோ வாழ்ந்த ஒரே ஒரு நாயின் உடலில் தொடங்கிய புற்று, அந்த நாய் செத்த பிறகும் சாகாமல் நாய் விட்டு நாய் தாவி இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

எந்த நாய், எப்போது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் எலிசபெத் மர்ச்சிசன். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் பிறந்தவர், இப்போது கேம்பிரிட்ஜில் பரவும் புற்றுநோய்களுக்கென்றே ஓர் ஆய்வுக் குழுவை நடத்துகிறார். அவரை இந்தப் பக்கம் இழுத்தது அவருடைய சொந்த மண்ணின் துக்கம். தாஸ்மேனியப் பேய் என்று ஒரு பிராணி உண்டு. கறுப்பாக, ஒரு சின்ன நாயளவு, பையில் குட்டி சுமக்கும். 1996-இல் அந்தத் தீவின் வடகிழக்கில் முகமெல்லாம் கட்டியோடு ஒரு பேய் படம்பிடிக்கப்பட்டது. அப்புறம் அந்த நோய் தீவு முழுக்கப் பரவியது. இரைக்கும் இணைக்கும் சண்டை போடும்போது அவை ஒன்றையொன்று முகத்தில் கடிக்கும். அந்தக் கடியில்தான் செல்கள் மாறிக்கொண்டன. அவற்றின் தொகையில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. அந்தப் புற்று, நரம்பைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்லிலிருந்து வந்தது என்று மர்ச்சிசனும் அவரோடு உழைத்தவர்களும் 2010-இல் காட்டினார்கள். அதன் முதல் பேய் பெண் என்றும் பிறகு தெரிந்தது. 2014-இல் தீவின் தெற்கே இரண்டாவதாக ஒரு பரவும் புற்று கண்ணில் பட்டது. இது ஓர் ஆணிடமிருந்து, முதலாவதற்குத் தொடர்பே இல்லாமல் பிறந்தது. மரபணுவில் சேர்ந்திருக்கும் மாற்றங்களை எண்ணி, முதலாவது சுமார் 1986-இலும் இரண்டாவது சுமார் 2011-இலும் பிறந்திருக்கும் என்று 2023-இல் கணக்கிட்டார்கள்.

அதே எண்ணும் முறையைத்தான் நாயின் கட்டிக்கும் பயன்படுத்தினார்கள். செல் ஒவ்வொரு தடவை பிரியும்போதும் டிஎன்ஏவில் எழுத்துப்பிழைகள் விழும். பிழைகள் விழும் வேகம் தெரிந்தால் வயது தெரியும். மனிதருடைய புற்றுகளில் பெரும்பாலானவற்றில் இந்தப் பிழைகள் சில ஆயிரம்தான் இருக்கும். நாயின் கட்டியில் சுமார் 20 லட்சம். ஆஸ்திரேலியப் பழங்குடி முகாமில் இருந்த ஒரு நாயிலிருந்தும் பிரேசிலில் ஒரு வீட்டு நாயிலிருந்தும் கட்டி எடுத்து 2014-இல் முழு மரபணுவையும் படித்தபோது, இதற்கு 11,000 வயது என்றார்கள். 2019-இல் 43 நாடுகளிலிருந்து வந்த 546 கட்டிகளை வைத்து அந்தக் கணக்கைத் தாங்களே திருத்தினார்கள்: 4,000 முதல் 8,500 ஆண்டுகள், பிறந்த இடம் ஆசியா. நான் வகுப்பில் இந்தத் திருத்தத்தைத் தவறாமல் சொல்வேன். சொன்ன கணக்கைத் தாங்களே மாற்றி எழுதும் மனம் பெரிய மனம். அந்த முதல் நாயின் நெருங்கிய உறவுக்கூட்டம் எது என்று 2018-இல் தேடிப் பார்த்தால், ஐரோப்பியர் கால் வைப்பதற்கு முன்பு அமெரிக்காவில் வாழ்ந்த நாய்கள். அந்த நாய்கள் அநேகமாக அழிந்தேபோயின. அவற்றின் சாயலில் மிஞ்சியிருப்பது இந்தக் கட்டிதான்.

செவலையின் கட்டியில் ஒரு கண்ணாடித் தகட்டை ஒற்றி எடுத்து, சாயம் போட்டு, எங்கள் கல்லூரி நுண்நோக்கியில் பார்த்தேன். வட்ட வட்டமான செல்கள். உள்ளே முத்துக் கோத்த மாதிரி தெளிவான குமிழிகள் வரிசையாக. பாடத்தில் எத்தனையோ செல்லைப் பார்த்திருக்கிறேன், அன்று கை நடுங்கியது. செவலையின் உடம்பில் இருந்தும் அவை செவலையின் செல்கள் இல்லை. சங்க காலத்துக்கும் முன்னால் எங்கோ குளிர் தேசத்தில் ஓடித் திரிந்த ஒரு நாயின் செல்கள், எங்கள் தெருமுனையில் பிரிந்து பெருகிக்கொண்டிருந்தன.

சரி, இந்தப் பழங்கதைக்கும் கருத்தடை மையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

புற்றுநோயும் பரிணாமமும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்று 1976-இலேயே பீட்டர் நோவெல் என்ற அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் எழுதினார். கட்டிக்குள் இருக்கும் செல்கள் எல்லாம் ஒரேபோல் இருப்பதில்லை. சிலது வேகமாகப் பிரியும், சிலது மருந்தைத் தாங்கும். மருந்து கொடுக்கும்போது தாங்காதது சாகும், தாங்குவது மிஞ்சும், மிஞ்சியது பெருகும். ஒரு மனிதருக்கு வந்த புற்று இப்படி மருந்துக்கு மசியாமல் போனாலும் அந்தக் கதை அவரோடு முடிந்துவிடுகிறது. பரவும் புற்றில் அது முடியாது. அரைகுறையாக ஊசி போட்டு விட்ட நாயில் மிஞ்சிய செல், அடுத்த பருவத்தில் அடுத்த நாய்க்குப் போகும். ஊசிக்கு அடங்காத டி.வி.டி. கட்டிகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரிக் கட்டி ஒரு தெருவுக்கு வந்துவிட்டால் அங்கே தங்கிவிடும் என்ற பயம் எனக்கு உண்டு. இணை சேர்வது ஒன்றுதான் வழி என்றும் இல்லை. மோந்து பார்ப்பதிலும் நக்குவதிலும்கூட செல்கள் ஒட்டுகின்றன. மூக்கில் இந்தக் கட்டி வருவது ஆண் நாய்களில் பெண் நாய்களைவிட 4, 5 மடங்கு அதிகம் என்று மர்ச்சிசனின் குழு கண்டிருக்கிறது. ஆண் நாய்கள்தான் அதிகம் மோந்து பார்க்கும், அதனால் இருக்கலாம் என்கிறார்கள். ஆகவே கருத்தடை செய்தாகிவிட்டது, இனிப் பரவாது என்று இருந்துவிட முடியாது.

நல்ல சேதியும் அதே ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. அந்த 546 கட்டிகளையும் அலசியதில், இந்தப் புற்று தன்னைப் பெருக்கிக்கொள்ளத் தேவையான முக்கியமான மரபணு மாற்றங்களை ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொண்டது, அதற்கப்புறம் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பெரிதாக எதையும் புதிதாகக் கற்கவில்லை என்று தெரிந்தது. பிழைகள் சும்மா விழுந்துகொண்டே இருக்கின்றன, அவ்வளவுதான். நாயைக் கொல்லும் வேகமும் அதற்கு இல்லை. சில நாய்களில், உடம்பின் எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டு, கட்டி தானே சுருங்குவதும் உண்டு. முறையாக மருந்து போட்டால் பெரும்பாலான நாய்களில் முழுக்கக் கரைந்துவிடுகிறது. பரவிய நிலையிலும் இப்படிக் குணமாகும் புற்று வேறு எத்தனை இருக்கிறது?

அந்த மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது. எங்கள் பக்கம் சுடுகாட்டுப்பூ என்று சொல்லி வீட்டுக்குள் வைக்கமாட்டார்கள். மடகாஸ்கரிலிருந்து வந்த செடி, இப்போது நம் தென்மாவட்டக் கரிசலிலும் செம்மண்ணிலும் மானாவாரியாகப் பயிரிடுகிறார்கள். வேரையும் இலையையும் காயவைத்து மூட்டை மூட்டையாக அனுப்புகிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் அதிலிருந்து பிரித்தெடுத்த இந்த மருந்து, ரத்தப் புற்று வந்த குழந்தைகளைக் காப்பாற்ற உதவியது, இன்றும் உதவுகிறது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்ணிழைகள் உருவாகாமல் தடுக்கிறது, பிரிய முடியாத செல் செத்துப்போகிறது.

செவலைக்கு ஒரு தனியார் மருத்துவரிடம் வாரம் ஒன்றாக ஐந்து ஊசி போட்டோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நானும் தெருவில் இன்னொரு தம்பியும் ஆட்டோவில் கூட்டிப்போவோம். தயிர்ச்சோறும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கையில். மருத்துவர் முன்னங்காலில் முடியை மழித்து, சின்ன ஊசியைக் குழாயோடு ரத்த நாளத்தில் ஏற்றி, முதலில் சலைன் விட்டுப் பார்ப்பார். ரத்த நாளத்துக்கு வெளியே ஒரு சொட்டு கசிந்தாலும் தசை வெந்துபோகும் என்று எனக்குக் காட்டிச் சொன்னார். அப்புறம்தான் மருந்து. கையுறை இல்லாமல் அவர் அந்தக் குப்பியைத் தொடமாட்டார். ஒரு மில்லிகிராம் குப்பியில் பதினைந்து கிலோ செவலைக்குப் பாதிகூடச் செலவாகவில்லை. மருந்துக்கு மட்டும் எனக்கு ஆனது வாரம் நூறு ரூபாய்க்குள். ஒரே நாளில் இரண்டு நாய்க்குப் போடும் மையத்துக்கு இன்னும் குறையும்.

இரண்டாவது ஊசிக்கே ரத்தம் நின்றது. மூன்றாவது வாரம் இரண்டு நாள் சாப்பிடவில்லை, வெள்ளணுக்கள் குறைந்திருந்தன, ஒரு வாரம் தள்ளிப் போட்டோம். ஐந்தாவது முடிந்தபோது கட்டி இருந்த இடத்தில் வெறும் சதை. மருத்துவர் கையைக் கழுவிவிட்டு, போ போ என்று அதன் தலையைத் தட்டினார். நான் ஆட்டோவில் உட்கார்ந்து அழுதேன்.

இனி நான் கேட்பது. மேசையில் மயக்கத்தில் கிடக்கும் நாயை, தையல் போடுவதற்கு முன்போ பின்போ ஒரு நிமிடம் திருப்பிப் பாருங்கள். பெண் நாயென்றால் உள்ளே விரல் விட்டு, ஆண் நாயென்றால் தோலைப் பின்னுக்குத் தள்ளி. மூக்கில் ரத்தம் வடியும் நாயைப் பார்த்ததும் உண்ணிக் காய்ச்சல் என்று முடிவு கட்டாமல், ஒரு தகட்டில் ஒற்றிப் பாருங்கள். கட்டி இருந்தால் அந்த நாயின் அட்டையில் எழுதுங்கள். அறுவை முதலிலா ஊசி முதலிலா என்பது நாயின் நிலையைப் பார்த்து நீங்கள் எடுக்கும் முடிவு, அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் ஊசியை ஆரம்பித்தால் முடியுங்கள். இரண்டு ஊசியோடு ரத்தம் நின்றதும் கூண்டு காலியாக வேண்டுமென்று விட்டுவிடாதீர்கள். அந்த இரண்டு ஊசி, போடாமல் இருந்ததைவிடக் கெடுதல் ஆகலாம், காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

இதைவிட அழுத்தமாகக் கேட்பது ஒன்று உண்டு. குணப்படுத்த முடியாத நிலையில் இருக்கும் நாயை வலியில்லாமல் முடித்துவிட விதி இடம் தருகிறது. அந்தப் பட்டியலில் இந்தக் கட்டியைச் சேர்க்காதீர்கள். பார்க்க அருவருப்பாக இருக்கும், நாறும், ஈ மொய்க்கும். தெருக்காரர்கள் வெறிநோய் என்று பயப்படுவார்கள், கருத்தடை செய்ததால்தான் புற்று வந்தது என்றுகூட எங்கள் தெருவில் ஒருவர் சொன்னார். மனிதருக்கு இது ஒட்டாது, குழந்தைகளுக்கு ஆபத்தில்லை என்று உங்கள் வண்டியோடு வருகிறவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதிப் பயம் போய்விடும். நாங்கள் சொன்னால் நாய்ப் பைத்தியம் என்பார்கள், சீருடையில் இருப்பவர் சொன்னால் கேட்பார்கள்.

அதிகாரிகளுக்கு ஒரு கணக்கு. மாதம் எத்தனை நாய்க்குக் கருத்தடை, எத்தனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி என்று இரண்டு எண்களை வெளியிடுகிறீர்கள். மூன்றாவதாக, எத்தனை நாய்க்குக் கட்டி இருந்தது, எந்தப் பகுதியில் என்று ஓர் எண் சேருங்கள். 2014-இல் மர்ச்சிசனும் ஆண்ட்ரியா ஸ்ட்ரக்கோவாவும் உலகெங்கும் கால்நடை மருத்துவர்களும் விலங்கு நலப் பணியாளர்களுமாக 645 பேரிடம் கேட்டு, குறைந்தது 90 நாடுகளில் இந்தப் புற்று நிலைகொண்டிருக்கிறது என்று எழுதினார்கள். கருத்தடை பரவலாக இருக்கும் இடங்களில் இது குறைவு என்பதும் அதில் தெரிந்தது. பிரிட்டனில் ஒரு காலத்தில் இருந்தது, 20-ஆம் நூற்றாண்டில் நாய்க் கட்டுப்பாடு வந்தபின் அநேகமாக மறைந்துவிட்டது. அப்படியென்றால் உங்கள் திட்டம் வேலை செய்கிறதா என்று காட்டும் ஓர் அளவுகோல் இந்தக் கட்டிதான். வருடாவருடம் அந்த எண் இறங்கினால், தெருவில் கட்டுப்பாடில்லாமல் இணை சேர்வது குறைகிறது என்று அர்த்தம். ஏறினால், அந்த வார்டில் கருத்தடை எட்டவில்லை. கூடுதலாக ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்கும் தகவல்.

முடிந்தால், கட்டியின் ஒரு சின்னத் துணுக்கைப் பாதுகாத்து, கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். அந்த 546 துணுக்குகளும் ஊர் ஊராக உங்களைப் போன்ற மருத்துவர்கள் வெட்டிக் கொடுத்தவை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நாய்களின் கட்டிகளில் வெயிலின் புற ஊதாக் கதிர் விட்ட தழும்பு அதிகம் என்றுகூட அவற்றிலிருந்துதான் தெரிந்தது. வெளியே பிதுங்கிய கட்டி வெயில் காய்ந்த கணக்கெல்லாம் அதன் டிஎன்ஏவில் எழுதியிருக்கிறது. நம்மூர் வெயில் எழுதியதை நம்மூரிலேயே படிக்க ஆள் இருக்கிறார்கள். என் மாணவிகளில் நாலைந்து பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஐந்து வாரம் ஒரு நாயைக் கூண்டில் வைக்க இடமில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். அதனால்தான் இதையும் எழுதுகிறேன். சோறு வைப்பவர் இல்லாத தெரு அநேகமாக இல்லை. நாயைத் திரும்ப விடும்போது, யார் இதற்குச் சோறு வைக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஊசி என்றைக்கு என்று சொல்லுங்கள். வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம் ஊசிக்கென்று ஒதுக்குங்கள். பிடித்துக் கொண்டுவருவது எங்கள் பொறுப்பு. எங்கள் தெருவில் மட்டும் நாலு பேர் இருக்கிறோம், ஆட்டோக்காரர் அண்ணன் பாதிக் காசுக்கு வருகிறார். செவலையோடு திரியும் கறுப்பனுக்கு இந்த வாரம் மூக்கிலிருந்து ரத்தம் வருகிறது. சனிக்கிழமை காலை எங்கே கூட்டிவர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் ஒரு விலங்கியல் ஆசிரியை